முதல் பூசையில் முளைத்த பெடல்

என் மனைவி அமலோற்பவத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, எங்கள் பியட் காரை அவள் தெருமுனையில் வலப்பக்கம் திருப்பியபோது. பின்னால் ஒரு சைக்கிள்கூட வரவில்லை, எதிரே ஒரு நாய்கூட இல்லை, ஆனாலும் வலது கையை ஜன்னலுக்கு வெளியே முழுக்க நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்பினாள். பதினொரு வருஷமாக அந்த முனையில் அப்படித்தான். அதற்கு இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு, "சாளை மீனு வாங்கிராதிய, நேத்தும் சாளைதான்" என்பது. பதினொன்றேகால் மணிக்குப் பள்ளிக்கூடத்தில், தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்தபடியே, யாரோ ஒரு பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் பாதிக் கையெழுத்துப் போட்ட நிலையில் போய்விட்டாள். டாக்டர் இதயம் என்றார். எங்கள் தெரு கார் என்றது. கார் அந்த நேரத்தில் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே உடைமர நிழலில், நாலு கண்ணாடியும் ஏற்றிவிடப்பட்டு, இன்ஜின் ஆறிப்போய் நின்றுகொண்டிருந்தது என்று எத்தனை பேர் சாட்சி சொல்லியும் தெரு தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்தக் காரைப் பற்றிய சந்தேகம் அவளுடைய சாவைவிடப் பதினொரு வருஷம் மூத்தது.

என் பெயர் இஞ்ஞாசி மச்சாது. தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் ஓட்டினேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. இயந்திரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கழற்றிப் பார்த்தும், திரும்ப மாட்டிய பிறகு கையில் மிஞ்சிய ஒரு திருகாணியை வைத்துக்கொண்டு முழித்தும் தெரிந்துகொண்டதுதான். அந்தக் காரை ஒரு கப்பல் ஏஜெண்டு ஊரைவிட்டுப் போகும்போது இரும்பு விலைக்குக் கொடுத்தார். எங்கள் ஊரில் காற்றே உப்பு. சைக்கிள் மணி ஆறு மாதத்தில் ஊமையாகிவிடும், ஜன்னல் கம்பி கையோடு வரும், கோயில் உச்சியில் இருக்கும் இரும்புச் சிலுவையைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை இறக்கிப் புதிதாக வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய காரை வைத்திருப்பது என்றால் ஒவ்வொரு சாயங்காலமும் நல்ல தண்ணீரால் அதன் அடிப்பக்கத்தைக் கழுவி, துணியால் ஒற்றி, மாதம் ஒருமுறை குழிக்குள் மல்லாந்து படுத்துப் பழைய இன்ஜின் ஆயிலைப் பிரஷ்ஷால் பூச வேண்டும். ஏழு வருஷம் அதைச் செய்தேன். மட்கார்டுகளைத் தட்டி நிமிர்த்தினேன், துரு அரித்த தரையை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்தேன், கார்புரேட்டரைப் பிரித்துச் சோற்றுத் தட்டில் பரப்பி அமலியிடம் திட்டு வாங்கினேன்.

"குடிக்கத் தண்ணி லாரியில வருது, இவுக காரைக் குளிப்பாட்டுதாக" என்பாள். "எனக்கு ஒரு நாளாவது இப்பிடி எண்ணெ தேச்சு விட்டியளா?"

எல்லா வேலையிலும் கூட நின்றவன் சிந்தா மதார். துறைமுக ரோட்டில் ஒரு கொட்டகையில் மெக்கானிக் வேலை பார்த்தான். பற்றவைப்பு அவன் கையில் தையல் மாதிரி விழும். என்னைவிட ஆறு வயது இளையவன். வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குள் வந்து, சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அமலி கொடுக்கும் டீயை இரண்டு தம்ளர் குடித்துவிட்டுத்தான் போவான்.

அமலிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இடது கையால் இடது முட்டியை அழுத்திப் பிடித்து, காலை ஒரு தடி மாதிரி ஊன்றி நடப்பாள். அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்தத் தூரம் நடந்துவிடுவாள். கார் வந்த ஏழாவது வருஷம் ஏப்ரல் பிறந்ததும், தெற்கே உப்பளங்களைத் தாண்டி இருந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கு அவளைத் தலைமையாசிரியையாகப் போட்டு உத்தரவு வந்தது. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போகும், இவள் பெயர் அடிக்குப் போய்விடும். அந்த ஊருக்குப் போகும் ஒரே பஸ்ஸின் படி அவள் இடுப்பு உயரம். நான் கொண்டுபோய் விடலாம் என்றால் அந்தக் காலத்தில் என் ஷிப்டு காலை ஆறு மணிக்கு.

அவள் அண்ணன் ரைமண்ட் வந்தார். "வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு தாயி. இருக்கிற இடத்துல இருந்தா என்ன கொறஞ்சு போச்சு?" என்றார்.

"கொறையத்தான் செய்யிது" என்றாள் அமலி. பிறகு என் பக்கம் திரும்பி, "நான் ஓட்டிக்கிட்டுப் போறேன். காரை எனக்கு மாத்திக் குடுங்க" என்றாள்.

நான் சரி என்றேன். அவள் முகத்துக்கு எதிரே வேறு எதுவும் சொல்ல எனக்கு வராது.

வழியைக் கண்டுபிடித்தவன் மதார். பியட்டில் கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே, இடது கைக்கு வாகாக இருக்கும். ஸ்கூட்டரில் இடது கைப்பிடியிலேயே கிளட்ச்சும் கியரும் சேர்ந்து இருக்கிறதல்லவா, அதே மாதிரி ஒரு ஸ்கூட்டரின் கிளட்ச் லிவரை அறுத்து வந்து கியர் கம்பியில் பற்றவைத்துவிட்டால், பிடித்து அழுத்திக்கொண்டே கியரை மாற்றலாம் என்றான். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் வலது காலுக்கு. ஒரே சிரமம், ஸ்கூட்டர் கிளட்ச் பூனை, கார் கிளட்ச் மாடு. ஒரு கையால் இழுக்க முடியாது. அதற்கு அடியில் இருக்கும் நெம்புகோலை நீளமாக்க வேண்டும் என்று லேத்தில் ஒரு பட்டையைக் கடைந்து வாங்கி வைத்தோம். அப்படியும் கடினம். "டீச்சரம்மா கை தாங்குமா?" என்று மதார் கேட்டபோது அமலி லிவரைப் பிடித்து ஒரே அழுத்தில் உள்ளே இறக்கினாள். "முப்பத்தெட்டு வருஷமா ஒரு காலைத் தூக்கிச் சுமந்த கைடா இது" என்றாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்கு லைசென்ஸ். அவர் நல்ல மனிதர். "கிளட்ச் பெடலே இருக்கப்படாது. பெடல் இருந்தா நீங்க எத்தனை லிவர் வச்சாலும் அது சாதாரண வண்டி" என்றார். இந்த மாதிரி வண்டிகளைப் பார்க்கத் திங்கட்கிழமையை ஒதுக்கி வைத்திருந்தார். ஆகவே என் ஷிப்டு முடிந்த சாயங்காலங்களில் ஒரு வாரம் வேலை செய்து, சனிக்கிழமை பெடலைக் கழற்றி, அது தரையிலிருந்து எழும்பி வந்த ஓட்டையைத் துணியால் துடைத்து, எல்லாம் முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிப் பூசைக்குப் புறப்படும்போது நான் கார் ஷெட்டைத் திறந்து ஒருமுறை லிவரை அழுத்திப் பார்த்தேன். பூசை முடிந்து ஏழேகாலுக்கு வந்து திறந்தபோது லிவர் சீட்டில் கிடந்தது, அடியில் நீளப் பட்டை இல்லை, கிளட்ச் பெடல் இருந்த இடத்தில் இருந்தது.

பழைய பெடல் அல்ல. பழையது என் மேசையில், ரப்பர் தேய்ந்து, துருவேறிக் கிடந்தது. இது கறுப்புப் பெயிண்ட் மினுங்க, ரப்பரில் வரிவரியாகக் கோடு அழியாமல், நேற்றுப் பிறந்தது மாதிரி இருந்தது.

நாங்கள் யாரும் வியக்கவில்லை. வியப்பதற்கு முன்னால் யார் என்று கேட்டோம். ஷெட் ரைமண்டின் காம்பவுண்டுக்குள் இருந்தது, ஒரு சாவி அவரிடம் இருந்தது, தங்கை போவதில் அவருக்கு இஷ்டமில்லை. நான் ஒன்றும் கேட்காமல் பூட்டை மட்டும் மாற்றினேன். அதைப் பார்த்து அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். லேத்தில் மறுபடி பட்டை கடைந்து, மறுபடி ஒரு வாரம் வேலை செய்து, மறுபடி சனிக்கிழமை முடித்தோம். மறு ஞாயிறும் ஆறு மணிக்கு இல்லாத பெடல் ஏழேகாலுக்கு இருந்தது. ரைமண்ட் அன்று கோயிலில் எனக்கு முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அவருடைய பிடரியை நான் பூசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொன்றும் ஆறு மணிப் பூசைக்குப் போகிற வீடு. அந்த நேரத்தில் கோயிலில் இல்லாத ஆள், ஷெட்டின் வேலை தெரிந்த ஆள், பெடலைப் பத்து நிமிஷத்தில் மாட்டத் தெரிந்த ஆள் யார் என்று தெரு எண்ணியது. நானும் எண்ணினேன். திங்கட்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் பெடலைப் பார்த்துத் தலையாட்டி அனுப்பிய பிறகு, திரும்பும் வழியில் மதாரின் கொட்டகைக்குப் போனேன்.

"மதாரு, ஞாயித்துக்கிழம காலைல நீ எங்க இருப்பே?" என்று கேட்டேன்.

அவன் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரம் துடைத்தான். "வீட்டுலதான் அண்ணாச்சி. ஏன், எங்க இருக்கணும்?" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. அந்த வாரமும் அவன் வேலைக்கு வந்தான். பற்றவைத்தான், அடியில் படுத்தான், சனிக்கிழமை முடித்துக் கொடுத்தான். டீக்கு உள்ளே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குள் நுழையும்போது ஆண்கள் பக்கத்துப் பின்வாசல் தூணுக்குப் பக்கத்தில் சிந்தா மதார் நின்றிருந்தான். ஆயில் கறை போகாத காக்கிச் சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. எல்லோரும் முழங்கால் போட்டபோதும் நின்றான், எல்லோரும் எழுந்தபோதும் நின்றான், காணிக்கைத் தட்டு வந்தபோது ஒரு நாணயம் போட்டான், பூசை முடியும்வரை நாலு பேர் பார்க்கிற மாதிரி அதே இடத்தில் நின்றுவிட்டு, யாரோடும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்து ஷெட்டைத் திறந்தேன். மூன்றாவது பெடல்.

அதற்குப் பிறகு தெரு அதை எடுத்துக்கொண்டது. ஒரு தெருவுக்குள் புதிதாக ஒரு குழாய் வந்தால் எப்படி முதலில் சந்தேகப்பட்டு, பிறகு வரிசை நின்று, பிறகு வரிசையில் யார் முந்தினார்கள் என்று சண்டை போடுமோ அப்படி. முதலில் யாரும் பூசைக்கு வராமல் இருக்கப் பயந்தார்கள். காய்ச்சல்காரர்கள் போர்வையோடு வந்தார்கள், பத்து வருஷமாகக் கோயில் பக்கம் வராத பர்னாந்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், பிள்ளைப்பேறு முடிந்து பன்னிரண்டே நாளான ஒரு பெண் வந்தாள், வந்தவர்கள் எல்லாம் பலிபீடத்தைப் பார்க்காமல் ஒருவரை ஒருவர் எண்ணினார்கள். பங்குச் சாமியாருக்கு முதல் வாரம் சந்தோஷம். அடுத்த வாரம் பிரசங்கத்தில், "பின்னால திரும்பித் திரும்பிப் பாக்கிறவங்க வாசலுக்குப் பக்கத்துல உக்காந்தா கழுத்துக்கு நல்லது" என்றார்.

திருட்டு சாமான் புழங்குகிறது என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட, காவல் நிலையத்திலிருந்து ஒரு ஏட்டு வந்தார். சாட்சிக்கு என்று ஒரு வைப்பரைக் கழற்றிக் கொண்டுபோய் நிலையத்து அலமாரியில் பூட்டினார். ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் காரில் இரண்டு வைப்பரும் இருந்தன. அவர் இரண்டாவதையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நான் இங்க வரலை, நீங்க என்னைப் பாக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைப்பர் முளைத்தது என்றதும் டாக்ஸி ஸ்டாண்டுக்குச் சேதி போய்விட்டது. ஸ்டாண்டில் ஏழு பியட் ஓடிற்று, ஏழுக்கும் சாமான் கிடைக்காத காலம். முதலில் வந்தவர் கொம்பையா. சனிக்கிழமை சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட் வாசலில் நின்று, "அண்ணாச்சி, ஒங்க டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை ஒண்ணு கழத்திக்கிடுதேன். நாளைக்குத்தான் வந்துருமே" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கழற்றிவிட்டார். ஞாயிறு அது முளைத்திருந்தது. அடுத்த சனிக்கிழமை ஆறு பேர் ஸ்பேனரோடு வந்தார்கள். கார்புரேட்டர், ஹார்ன், ஒரு கதவின் கைப்பிடி, ஒரு சைடு கண்ணாடி என்று புளியம்பழம் உலுக்குகிற மாதிரி உலுக்கினார்கள். உதிரிப் பாகக் கடைக்காரர் வந்து, நான் அவர் வயிற்றில் அடிக்கிறேன் என்று தெருவில் நின்று கத்தினார். ஒன்றைச் சொல்ல வேண்டும்: முளைத்த எதிலும் துரு இல்லை. எங்கள் ஊர்க் காற்றில் நாலு நாள் திறந்து கிடந்தும் துருப்பிடிக்கவில்லை. அதுதான் தெருவுக்குப் பெரிய சந்தேகம். இரும்பு என்றால் துருப்பிடிக்க வேண்டும் என்றார்கள்; பிடிக்காதது நல்ல வழியில் வந்ததாக இருக்காது என்றார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் அமலி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு ஞாயிறு போய், என் மேசையில் ஆறு பெடல் சேர்ந்துவிட்டது. மே மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி, அதற்கு மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டரின் கடைசித் திங்கட்கிழமை, அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜூன் முதல் தேதி. ரைமண்ட் வேண்டாம் என்று எழுதிய கடிதத்தை அவரே தயார்செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, எங்கள் வீட்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சனிக்கிழமை மதாரும் நானும் ஏழாவது தடவையாக வேலையை முடித்தோம். கொம்பையா வந்து டைனமோவைக் கழற்றிக்கொண்டு போனார். நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அமலி முட்டியை அழுத்திக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தாள், மேசையில் வரிசையாக இருந்த பெடல்களைப் பார்த்தாள்.

"கோயில்ல எல்லாரும் இருந்தாக" என்றாள். "எங்க அண்ணன் இருந்தாக. மதாரு பாவம், அவனும் வந்து நின்னான். ஏட்டு இருந்தாரு. யாரும் இங்க வரலை."

"ஆமா" என்றேன்.

"ஒங்களை ஒண்ணு கேக்கணும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாக்கேன். எழுந்தேற்ற மணி அடிக்கும்போது நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஒதட்டை அசைக்கிறிய. எங்க பக்கத்துல இருந்து பாத்தா நல்லாத் தெரியும். என்ன கேக்கிறிய?"

தண்ணீர்க் குழாயை நிறுத்தினேன். பத்தொன்பது வருஷமாகச் சாமியார் அப்பத்தை உயர்த்த, மணி அடிக்கும் அந்த அரை நிமிஷத்தில் நான் கேட்டது ஒன்றேதான். அமலிக்கு ஒன்றும் ஆகக்கூடாது, இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும். அவளைக் கட்டிக்கொண்ட அன்று முதன்முதலாகக் கேட்டேன், பிறகு ஒரு ஞாயிறும் விட்டதில்லை. கேட்கிறேன் என்று நினைத்துக்கூடக் கேட்டதில்லை, மூச்சு விடுகிற மாதிரி வாய் தானாகச் சொல்லிவிடும். அவள் காரை ஓட்டப் போகிறாள் என்று தெரிந்த பிறகு, உப்பள ரோட்டில் லாரிகள் வருகிற வேகம் கண்ணில் வந்து நிற்க, கொஞ்சம் அழுத்திக் கேட்டேன் என்பதும் உண்மை.

ஈரக் கையை வேட்டியில் துடைத்தேன். அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. "நீங்க கழத்துறது கையால, மாட்டுறது வேற எதாலயோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, முட்டியை அழுத்திக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. பிரசங்கம் முடிந்தது, காணிக்கை முடிந்தது. எல்லோரும் முழங்காலில் நிற்க, கோயில் அமைதியாகி, மணிக்காரர் மணியை நோக்கிக் கையை நீட்டியபோது என் உதடு அசையப்போவது எனக்கே தெரிந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தேன். பிறகு எழுந்தேன். முழங்காலில் நின்ற நானூறு பேருக்கு நடுவில் நான் ஒருவன் எழுந்து, ஆண்கள் வரிசையைத் தாண்டி, செருப்பில்லாத காலோடு நடந்து, பின்வாசல் வழியாக வெளியே போனேன். எனக்குப் பின்னால் நானூறு தலையும் திரும்புவது சத்தமாகவே கேட்டது.

வெளியே மதார் இருந்தான். மூன்றாவது ஞாயிறுக்குப் பிறகு அவன் உள்ளே வருவதில்லை. யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று வாசலில் சைக்கிளோடு நிற்பான்.

"ஏன் அண்ணாச்சி வெளிய வந்துட்டிய?"

"உள்ள இருந்தா கேட்டுருவேன்" என்றேன்.

அவனுக்கு என்ன புரிந்ததோ, சைக்கிள் கேரியரைத் தட்டித் துடைத்து, உட்காருங்க என்பதுபோல் காட்டினான். உள்ளே மணி அடித்தது. நான் வெயிலில், கேரியரில் உட்கார்ந்து, மணி ஓயும்வரை காருக்கு எத்தனை போல்ட்டு என்று முன்னாலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபத்து மூன்றோ என்னவோ வந்தபோது மணி நின்றது.

பூசை முடிந்ததும் யாரும் கோயில் வாசலில் நின்று பேசவில்லை. தெரு முழுக்க ஷெட்டுக்கு ஓடியது. நானும் மதாரும் கூட்டத்துக்குப் பின்னால் போனோம். ரைமண்ட்தான் கதவைத் திறந்தார். லிவர் கியர் கம்பியில் இருந்தது. பெடல் இருந்த இடத்தில் பெடல் இல்லை. பிறகு ரைமண்ட் என்னைப் பார்த்து, "இன்னைக்கு எல்லாரும் பாத்துட்டாங்க. அதான் முடியலை, என்ன மாப்ள?" என்றார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வாரமும் யாருக்கும் தெரியாமல் எழுந்து போய் மாட்டிவிட்டு வந்திருக்கிறான், இன்று கையும் களவுமாகப் பார்த்துவிட்டதால் கோயில் வாசலோடு நின்றுவிட்டான் என்று முடிவு செய்தார்கள். பொண்டாட்டி மேலே போய்விடக் கூடாது என்று ஒரு மனுஷன் இப்படியா செய்வான் என்று பெண்கள் பக்கத்தில் பேச்சு எழுந்தது. நான் மறுக்கவில்லை. எந்தப் பாதியை மறுப்பது என்று எனக்கு நிச்சயமில்லை.

டைனமோவும் முளைக்கவில்லை. சாயங்காலம் கொம்பையா அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். "முளைக்கலையா? அப்ப இந்தாரும். ஊர்ல ஒரு நல்லது நடந்தா நாலு வாரம் தாங்க மாட்டேங்குது" என்று முனகிக்கொண்டே அவரே மாட்டிக் கொடுத்தார்.

வேலை முடிந்த சனிக்கிழமை ராத்திரிகளில் அமலி லிவரோடு ஓட்டிப் பழகியிருந்தாள். திங்கட்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் அவளை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். இறங்கியதும், "இந்த ஊர்லயே சரியா கை காட்டித் திரும்புன முதல் ஆள் நீங்கதாம்மா" என்றார். வெள்ளிக்கிழமை அவள் போய்ச் சேர்ந்தாள். ரைமண்ட் எழுதிய கடிதத்தை மடித்து, ஆட்டம் கொடுத்த முன்சீட்டுக்கு அடியில் சொருகியிருந்தாள்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும் எழுந்தேற்ற மணிக்கு முன்னால் நான் எழுந்து வெளியே போனேன். தெரு இரண்டு பேரை என்னைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தது. அவர்கள் செத்தபோது வேறு இரண்டு பேர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். அமலி எதுவும் கேட்டதில்லை. மழைக்காலத்தில் உப்பள ரோடு முங்கிய நாட்களில் அவள் ஆறு மணிக்கு வர வேண்டியவள் ஏழரைக்கு வருவாள். நான் தெருமுனையில் நின்று, வாயை இறுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் மனதுக்குள் எழும்பாதபடி போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். பதினொரு வருஷமும் நான் அவளுக்காக எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போயிருக்கும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான் யாரையும் கேட்டதுமில்லை.

கார் எல்லாக் காரையும்போல ஆனது. துரு வந்தது, நான் சுரண்டினேன், பூசினேன். மதார் வேலைக்கு வந்தான், கடைசிவரை சொன்ன வேலையைச் செய்தான். டீயை மட்டும் வாசலில் நின்று குடித்தான். "உள்ள வா மதாரு" என்று நான் சொல்லும்போதெல்லாம், "கையில ஆயிலு அண்ணாச்சி" என்பான். முன்பும் ஆயில்தான்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் நானும் அவனும் பள்ளிக்கூடத்துக்குக் காரை எடுக்கப் போனோம். நானும் கூட நின்று செய்த வண்டியை என்னால் ஓட்ட முடியவில்லை. கை லிவரைப் பிடித்தாலும் இடது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது, வண்டி குதித்துக் குதித்து நின்றுபோயிற்று. பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். மதார் நாங்கள் வந்த ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தான், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உப்பளங்களைத் தாண்டி வரும்வரை அவன் ஒருமுறைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கமான வரிசையில் முழங்கால் போட்டேன். மணிக்காரர் கையை நீட்டியபோது என்னைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேரும் எழத் தயாரானார்கள். நான் எழவில்லை. மணி அடித்தது, கேட்டேன். பதினொரு வருஷத்துக்கும் சேர்த்து, கண்ணை மூடி, வாய்விட்டு, பக்கத்து ஆளுக்குக் கேட்கும்படியே கேட்டேன்: எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்கட்டும். பூசை முடிந்து நான் நடக்க, தெருவும் என் பின்னால் நடந்தது. ஷெட்டை நானே திறந்தேன். குனிந்து பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

இது நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. கார் ஷெட்டில்தான் நிற்கிறது. இரண்டு மட்கார்டும் உதிர்ந்துவிட்டன, காரின் கூரையில் நாலு இடத்தில் துரு அரித்துப் பொத்தல் விழுந்திருக்கிறது. கிளட்ச் பெடல் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை இருக்கிறது. மழை பெய்தால் கூரை வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் அதன் வழியாக வடிந்துவிடுகிறது.